ரத்தம் வராத கொலைகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் ஊர் ஹால்களில் நடப்பதைச் சொல்கிறேன். சரியா, தப்பா என்று நீங்களே பாருங்கள்.

டி.வி.யில் தமிழ் பேசும் ஹாலிவுட் படம். அப்பா, அம்மா, எட்டாவது படிக்கிற பையன், தரையில் பாட்டி. கதாநாயகன் கதாநாயகியின் முகத்தை நோக்கிக் குனிகிறான். அவ்வளவுதான். அப்பாவுக்கு இருமல் வந்துவிடும். அம்மாவுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வரும். ரிமோட் எங்கே, ரிமோட் எங்கே என்று ஒரு கை சோபா இடுக்கில் துழாவும். சேனல் மாறும். யாரோ ஒரு அம்மா வெண்டைக்காய் வதக்குவதைக் குடும்பமே பத்து விநாடி பக்தியோடு பார்க்கும். திரும்பி வந்தால் முத்தம் முடிந்து, ஒரு பாலம் இடிந்துகொண்டிருக்கும். பாலத்தின் மேல் ஐம்பது கார், இரண்டு பஸ். எல்லாம் தண்ணீருக்குள்ளே.

இப்போது யாருக்கும் இருமல் வராது. யாரும் ரிமோட்டைத் தேட மாட்டார்கள். முறுக்கு கடிபடும் சத்தம் மட்டும் கேட்கும்.

முத்தம் கூடாது. பஸ்ஸோடு நாற்பது பேர் மூழ்கலாம். இதுதான் நம் வீட்டு சென்சார் போர்டின் எழுதாத சட்டம்!

பதிமூன்று, பதினான்கு வயசுப் பிள்ளைக்கு ஒரு விஞ்ஞான ஆக்‌ஷன் படத்தைக் காட்டலாமா, கூடாதா? எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வருகிறது. நாம் விசாரிப்பது மூன்றே மூன்று விஷயம். 'அந்த மாதிரி' சீன் இருக்கா? கெட்ட வார்த்தை வருமா? சர்டிபிகேட் என்ன? மூன்றுக்கும் நல்ல பதில் வந்துவிட்டால் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு நாம் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம்.

நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் படத்தில் ஒருத்தன் செத்தால் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? இதை யாரும் கேட்பதில்லை. நான் சொல்கிறேன், முதல் மூன்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் கேட்டால்கூடப் போதும்.

முதலில் சர்டிபிகேட் சமாசாரத்தை முடித்துவிடுவோம். ஏனென்றால் அதன் மேல்தான் நமக்கு அபார நம்பிக்கை.

நம் நாட்டில் சினிமாவுக்கான சட்டம் 1952ல் வந்தது. ரொம்ப நாளைக்கு இரண்டே வகை. எல்லோருக்கும் என்றால் 'யு', பெரியவர்களுக்கு மட்டும் என்றால் 'ஏ'. 1983ல்தான் நடுவே 'யு/ஏ' வந்தது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் பதினெட்டு வரைக்கும் ஒரே கணக்கு. ஏழாவது படிக்கிறவனும் காலேஜ் வாசலில் நிற்கிறவனும் ஒன்று! மீசை முளைக்காதவன், மீசை முளைத்தவன், அதைச் சிரைத்துவிட்டு மறுபடி வளர்ப்பவன், எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வயசு. நாற்பது வருஷம் இப்படித்தான் ஓட்டினோம்.

2023ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று மூன்று படி. நல்ல காரியம்தான். ஆனால் சின்ன எழுத்தையும் படியுங்கள். 'ஏ' படத்துக்குத்தான் பதினெட்டு வயசு ஆகாதவர்களைத் தியேட்டருக்குள் விடக் கூடாது. இந்த மூன்று படிகளும் பெற்றோருக்குச் சொல்லும் யோசனை மட்டுமே. காட்டுவதா, வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு. அதாவது, சர்க்கார் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று சர்க்கார் நினைக்கிறது. நடுவில் பிள்ளை ஹாயாகப் படம் பார்க்கிறது.

இந்த எழுத்துகளுக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு எதிலும் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் 2011ல் ஒரு விதி வந்தது. கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் படத்துக்குத் தமிழ்த் தலைப்பு மட்டும் போதாது, 'யு' சர்டிபிகேட்டும் வேண்டும். அப்புறம் என்ன? 'யு'வுக்காக எங்கே வெட்டலாம் என்று தயாரிப்பாளர்கள் கத்திரியோடு உட்கார்ந்தார்கள். குழந்தைகள் மேல் திடீர்ப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். வரி சார், வரி! 2017ல் ஜி.எஸ்.டி. வந்து அந்தக் கேளிக்கை வரி முறை போய்விட்டது. ஆனால் 'ஏ' வாங்கினால் குடும்பக் கூட்டம் வராது என்ற பயம் போகவில்லை. 2025ல் ரஜினியின் 'கூலி'க்கு 'ஏ' கொடுத்தபோது தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றப் படி ஏறினார்களே, ஞாபகம் இருக்கிறதா?

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கே தரம் பிரிப்பது அரசாங்கம் இல்லை. சினிமாக்காரர்களின் சங்கமே செய்கிறது. 1984ல் ஸ்பீல்பெர்க்கின் இண்டியானா ஜோன்ஸ் படம் ஒன்றில், உயிரோடு இருக்கிறவனின் மார்பிலிருந்து இதயத்தைப் பிடுங்குகிற காட்சி. அந்தப் படத்துக்கு பிள்ளைகள் தாராளமாக வரலாம் என்கிற 'பி.ஜி.' கொடுத்திருந்தார்கள். பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். ஸ்பீல்பெர்க்கே சங்கத் தலைவர் ஜாக் வாலென்டியிடம் நடுவில் ஒரு படி போடலாம் என்று யோசனை சொன்னார். அந்த ஜூலையிலேயே 'பி.ஜி. 13' பிறந்துவிட்டது. பதிமூன்றுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஜாக்கிரதை என்று ஓர் எச்சரிக்கை. ஆனால் டிக்கெட் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேலே இருப்பது 'ஆர்'. பதினேழு வயசு ஆகாதவன் பெரியவர் துணை இல்லாமல் உள்ளே போக முடியாது.

ஹாலிவுட் கல்லாவில் உட்கார்ந்து யோசியுங்கள். கோடை விடுமுறை. தனியாக, நண்பர்களோடு, பாக்கெட் மணியோடு வருகிறவன் யார்? பதினான்கு வயசுப் பையன்தான். 'ஆர்' வாங்கினால் அவன் வாசலிலேயே நிற்பான். ஆக, கோடிக்கணக்கான டாலர் போட்ட படம் எப்பாடுபட்டாவது 'பி.ஜி. 13'க்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கு என்ன வழி? கொலையைக் குறைப்பதா? அதுதான் இல்லை. ரத்தத்தைக் குறைப்பது!

விஷயமே இங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி வெடிக்கும், ஆள் விழுவான், கேமரா அடுத்த ஆளுக்குப் போய்விடும். சட்டையில் ஒரு பொட்டு சிவப்பு இருக்காது. கட்டடம் சரியும், தூசி கிளம்பும், உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது. சாகிறது ரோபோவாகவோ வேற்றுக்கிரகவாசியாகவோ இருந்தால் இன்னும் சௌகரியம். பச்சை நிறத்தில் ரத்தம் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

கணக்குப் பாடத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஐந்தொகை சரியாக வராது. ஒரு குண்டு வெடித்தது என்று ஒரு பக்கம் எழுதினால், ஒரு அம்மா அழுதாள் என்று மறுபக்கம் எழுதுகிற படம்தான் நேர்மையான படம். குண்டை மட்டும் எழுதிவிட்டு அம்மாவை எழுதாமல் விட்டால் அது கள்ளக் கணக்கு. பிணங்களையெல்லாம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு மூடிவிடுகிறார்கள்! நம் பிள்ளைகளுக்கு நல்லது என்று முத்திரை குத்தி வருவதில் பெரும்பாலானவை இந்த மாதிரிக் கள்ளக் கணக்குப் படங்கள்தான்.

சும்மா பொத்தாம்பொதுவாகப் பேசினால் எப்படி, உதாரணம் சொல்லு என்பீர்கள். சொல்கிறேன்.

2013ல் வந்த சூப்பர்மேன் படம் 'மேன் ஆஃப் ஸ்டீல்'. அமெரிக்காவில் 'பி.ஜி. 13'. கடைசிப் பகுதியில் ஒரு பெருநகரம் தரைமட்டமாகிறது. அலுவலகக் கட்டடங்கள் சீட்டுக்கட்டு போலச் சரிகின்றன. அந்த இடிபாட்டுக்கு நடுவில் நின்று நாயகனும் நாயகியும் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். நம் அப்பாக்கள் அந்த முத்தத்துக்கு இருமுவார்கள். நான் கேட்பது வேறு. அந்தக் கட்டடங்களில் வேலை பார்த்தவர்கள் எங்கே? அந்த இடத்தில் நின்று முத்தம் கொடுக்க எப்படி ஐயா மனசு வருகிறது? விட்டுப்போன பதிவை மூன்று வருஷம் கழித்து, 2016ல், அடுத்த படத்தில்தான் எழுதினார்கள். அதில் பேட்மேனாக வருகிற புரூஸ் வெய்ன் அதே தூசிக்குள் ஓடுவார். நசுங்கிக் கிடப்பவர்களைப் பார்ப்பார். சூப்பர்மேன் மேல் கோபப்படுவார். ஆக, முதல் படத்தில் என்ன விட்டுப்போனது என்று அதை எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இப்போது எதிர்ப்பக்கம். 'டெர்மினேட்டர் 2'. 1991ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்தது. அமெரிக்காவில் 'ஆர்'. பிரிட்டனில் 15 வயசுக்குக் கீழே அனுமதி இல்லை. முத்திரையை மட்டும் பார்த்தால் உங்கள் எட்டாவது படிக்கிற பையனுக்கு ஆகாத படம்.

நான் சொல்கிறேன், பதிமூன்று, பதினான்கு வயசுக்காரன் அவசியம் பார்க்க வேண்டிய படம் இது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்.

ஏன்? கதை தெரிந்ததுதான். எதிர்காலத்தில் இயந்திரங்களுக்கு எதிரான போருக்குத் தலைவனாகப்போகும் சிறுவனைக் கொல்ல ஒரு இயந்திரம் வருகிறது. காப்பாற்ற இன்னொரு இயந்திரம் வருகிறது. அந்த இரண்டாவது, அர்னால்ட். வந்த கொஞ்ச நேரத்திலேயே யாரோ ஒருவனைச் சுடத் துப்பாக்கியை நீட்டுகிறது. பையன் பதறிப்போய்த் தடுக்கிறான். கொல்லக் கூடாது என்கிறான். ஏன் என்று கேட்கிறது இயந்திரம். பையனிடம் தத்துவம் எதுவும் இல்லை. கூடாதுன்னா கூடாது, அவ்வளவுதான். கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொல்கிறான். இயந்திரம் சத்தியம் செய்கிறது. அதன்பின் அந்தப் படம் முழுக்க, அது சுடுவதெல்லாம் காலில்தான். ஒரு கட்டத்தில் போலீஸ் கார்கள் மேல் சரமாரியாகச் சுட்டுவிட்டு, தன் கண்ணுக்குள் இருக்கும் திரையில் கணக்குப் பார்க்கிறது. மனித உயிரிழப்பு 0.0.

ஆக்‌ஷன் படத்தில் ஒரு ஹீரோ சாவுக் கணக்குப் பார்க்கிறான்! இந்த ஒரு காட்சிக்காகவே டிக்கெட் காசு கொடுக்கலாம். அதுவும் இல்லாமல், அதே முகம் கொண்ட இயந்திரம் 1984ல் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் 17 பேரைக் கொன்றது முதல் படத்தின் கதை. இரண்டாம் படத்தில் போலீஸ்காரர்கள் அந்தப் புகைப்படங்களை மேஜையில் போட்டு எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். பழைய பாக்கியை மறக்காத பேரேடு.

இன்னொன்று. உலகத்தை அழிக்கப்போகும் கம்ப்யூட்டருக்கு வித்திடப்போகும் எஞ்சினியர் ஒருவர். பெயர் டைசன். அவரைக் கொன்றுவிட்டால் பல கோடிப் பேர் பிழைப்பார்கள். பையனின் அம்மா சாரா துப்பாக்கியோடு அவர் வீட்டுக்குப் போகிறாள். சுடுகிறாள். ஆள் காயத்தோடு தரையில் கிடக்கிறார். அவருடைய சின்ன மகன் அப்பா மேல் விழுந்து மறைக்கிறான். அவளால் முடியவில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுகிறாள். கோடி உயிருக்காக ஓர் உயிரை எடுக்கலாமா என்ற கேள்வியைப் பாடப் புத்தகத்தில் நாலு பக்கம் எழுதினாலும் உங்கள் பையன் படிக்க மாட்டான். இங்கே மூச்சுவிடாமல் பார்ப்பான். அந்த டைசனும் வில்லன் இல்லை. தன் வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்ததும், தானே முன்னால் நின்று தன் ஆராய்ச்சியை அழிக்கப் போகிறார். அதிலேயே உயிரை விடுகிறார்.

படத்தில் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் தேதி 1997 ஆகஸ்ட் 29. அந்தத் தேதி வந்தது, போனது, நாம் இருக்கிறோம். ஆனால் ஆயுதத்தை எப்போது, யார் மேல் பிரயோகிப்பது என்ற முடிவை இயந்திரத்திடம் கொடுக்கலாமா என்ற கேள்வி இன்று இன்னும் பக்கத்தில் வந்து நிற்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் வீட்டுப்பாடம் எழுதி வாங்குகிற தலைமுறை இது. அதற்கு இந்தக் கேள்வியைக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது?

அதற்காக இது பால்மணம் மாறாத படம் என்று நான் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் கை வாளாக நீண்டு பால் குடிக்கிறவன் வாயைத் துளைக்கிற காட்சி இருக்கிறது. ஒரு காவலாளியின் கண்ணில் குத்துகிற காட்சி இருக்கிறது. கெட்ட வார்த்தைகள் உண்டு, அந்தப் பையன் வாயிலேயே உண்டு. அணுகுண்டு விழுந்து விளையாட்டுத் திடலில் இருக்கும் குழந்தைகள் கருகிச் சாம்பலாகிற கனவு வருகிறது. அன்று ராத்திரி பிள்ளைக்குத் தூக்கம் வராமல் போகலாம். ஏழெட்டு வயசுத் தங்கை பக்கத்தில் இருந்தால் வேண்டவே வேண்டாம். ஆனால் பதினான்கு வயசுக்காரன் அணுகுண்டை நினைத்து ஒரு ராத்திரி தூங்காமல் இருந்தால் குடி முழுகிவிடாது. ஒரு நகரம் அழிந்ததைப் பார்த்துவிட்டு அவன் பாப்கார்ன் சாப்பிட்டுக் குறட்டை விட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

சரி, நம்மூருக்கு வருவோம். 2010ல் 'எந்திரன்'. ஷங்கர், ரஜினி, ரோபோ. நம் சென்சார் கொடுத்தது 'யு'. கைக்குழந்தையோடு போய்ப் பார்த்தோம். அதில் ஒரு காட்சி. தீப்பிடித்த குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ரோபோ அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, கேமராக்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் அந்தப் பெண் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள்.

இந்தக் காட்சி இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மொத்தப் படத்திலும் மனசைப் பிசைகிற இடங்களில் அது ஒன்று. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் என்றால் என்ன என்று தெரியவில்லை. அந்தச் சாவைப் படம் கண்டுகொள்ளாமல் விடவும் இல்லை. ரோபோவுக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கதை திரும்புவதே அதற்கப்புறம்தான். ஆனால் கேட்கிறேன், இது மூன்று வயசுக் குழந்தையும் பார்க்கலாம் என்கிற 'யு' காட்சியா? கடைசியில் ரோபோப் பட்டாளம் ஆட்களைச் சுட்டுத் தள்ளும்போது செத்தவர்களில் யாருடைய பெயராவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரே படத்தில் முதலில் இரட்டைப் பதிவு, கடைசியில் கள்ளக் கணக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு எழுத்து, 'யு'. அந்த எழுத்தை நம்பி நீங்கள் ரிமோட்டைக் கீழே வைக்கிறீர்கள்.

கஷ்டமான கேஸ் ஒன்றும் இருக்கிறது. 'மேட்ரிக்ஸ்', 1999. நாம் வாழும் உலகமே கம்ப்யூட்டர் காட்டும் கனவு, நிஜத்தில் மனிதர்கள் இயந்திரங்களின் அடிமைகள் என்கிற கதை. இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் மூளையைக் கசக்கிக்கொள்ள அருமையான படம். ஆனால் ஒரு கட்டட வாசலில் நாயகனும் நாயகியும் கறுப்பு உடையில் வந்து காவலாளிகளைச் சுட்டுத் தள்ளுவார்கள். தூண்கள் தூள் தூளாகும். பின்னணியில் இசை. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அங்கேதான் வில்லங்கம். கனவு உலகத்தில் செத்தால் நிஜத்திலும் சாவுதான் என்று அதே படம் முன்னாலேயே சொல்லிவிட்டது. அப்படியானால் செத்த காவலாளிகள் யார்? நாயகன் யாரை விடுவிக்கக் கிளம்பினானோ, அதே அடிமை மனிதர்கள்! ஒரு வார்த்தை வருத்தம் உண்டா? கிடையாது. அழகாகச் சுட்டார்கள் என்பதற்காகச் சாவு மறந்துபோகிறது. இந்த முரண்பாட்டைத் தானே கண்டுபிடிக்கிற வயசு வரட்டும், பதினாறில் காட்டலாம் என்பது என் தீர்ப்பு.

இந்த இடத்தில் சிலர் கையைத் தூக்குவீர்கள். "இதைத்தான் சார் நாங்களும் சொல்றோம். படத்தைப் பார்த்துத்தான் பசங்க கெட்டுப்போறாங்க!"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. மேட்ரிக்ஸ் வெளியாகி மூன்று வாரத்தில் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு புகுந்து பன்னிரண்டு மாணவர்களையும் ஒரு ஆசிரியரையும் கொன்றார்கள். அவர்கள் போட்டிருந்த நீளக் கோட்டைக் காட்டி, படம்தான் காரணம் என்று பழி போட்டவர்கள் உண்டு. அந்தக் கொலைகாரர்கள் திட்டம் போட ஆரம்பித்ததோ படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நல்ல பையன் மறுநாள் கொலைகாரன் ஆகிவிடுவான் என்பது சோம்பேறித்தனமான வாதம். துப்பாக்கி எப்படி அவன் கைக்கு வந்தது என்ற சங்கடமான கேள்வியிலிருந்து தப்பிக்கிற வாதமும்கூட.

ஆனால் பார்ப்பதில் எதுவும் ஒட்டாது என்பதும் பொய். 1961ல் ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியல் அறிஞர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைச் சின்னக் குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அவர்களும் அதே மாதிரி அடித்தார்கள். இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். 1965ல் அவரே வெளியிட்ட அடுத்த பரிசோதனையை அவ்வளவாகச் சொல்வதில்லை. அடிக்கிற காட்சியைப் படமாகக் காட்டி, மூன்று விதமாக முடித்தார். ஒன்றில் அடித்தவருக்குப் பரிசு. இன்னொன்றில் தண்டனை. மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் பின்பற்றினார்கள். ஒன்றுமே நடக்காததைப் பார்த்தவர்கள்? பரிசைப் பார்த்தவர்களைப் போலவே அடித்தார்கள்!

பொம்மை வேறு, மனுஷன் வேறு. நாலைந்து வயசுக் குழந்தை வேறு, பதிமூன்று வயசுப் பையன் வேறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடித்ததற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம். 'பி.ஜி. 13' படங்கள் காட்டுவது எது? அந்த மூன்றாவது முடிவைத்தான். அடித்தார்கள், ஒன்றுமே நடக்கவில்லை.

இன்னொரு கட்சி இருக்கிறது. "எல்லாம் போன்லயே இருக்கு சார். நாம தடுத்தா நின்னுடுமா?" நிற்காது. அதனால்தான் தடுப்பதைப் பற்றி நான் பேசவே இல்லை. தெருவில் பள்ளம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் கையை விட்டுவிடுவோமா? அவன் எப்படியும் பார்ப்பான். தனியாக, பாதிராத்திரியில், காதில் இயர்போனோடு பார்ப்பதைவிட உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டுமே.

மூன்றாவது கட்சி. "பொழுதுபோக்கு சார், இதுல போய் இவ்வளவு ஆராய்ச்சியா?" ஐயா, பிள்ளை போடுகிற ஷூவுக்கு நாலு கடை ஏறுகிறீர்கள். ட்யூஷன் வாத்தியாரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறீர்கள். இரண்டரை மணி நேரம் அவன் கண்ணும் காதும் மனசும் ஒருத்தன் கையில் இருக்கப்போகிறது. அந்த ஒருத்தனைப் பற்றி மட்டும் விசாரிக்க மாட்டீர்களா?

அப்படியானால் என்னதான் செய்வது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முடிந்தால் முதலில் நீங்கள் பாருங்கள். நேரம் இல்லை என்றால் பார்த்த ஒருவரிடம் கேளுங்கள். 'எப்படி இருக்கு' என்று கேட்காதீர்கள். 'சூப்பர்' என்பார்கள். சாகிறவர்கள் மனுஷர்களாகத் தெரிகிறார்களா, கொன்றவன் கொஞ்சமாவது கலங்குகிறானா, வன்முறையைத் தவிர வேறு வழியை யாராவது யோசித்தாவது பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

அடுத்து, உங்கள் பிள்ளையைப் பாருங்கள். வயசு ஒரு எண், அவ்வளவுதான். சில பதிமூன்று, பதினாறைவிட முதிர்ச்சி. சில பதினாறு, இருட்டில் பாத்ரூம் போகப் பயப்படும். பயப்படுவது குற்றம் இல்லை. 'ஆம்பளைப் பிள்ளைக்கு என்னடா பயம்' என்று கேலி செய்து உட்கார வைக்காதீர்கள். வேண்டாம் என்று அவன் சொன்னால் விட்டுவிடுங்கள். நேர்மையான படம் என்பதால் எல்லா வயசுக்கும் ஏற்றது என்று அர்த்தம் இல்லை. 1987ல் வந்த முதல் 'ரோபோகாப்', கொலையின் வலியைக் கொஞ்சமும் மறைக்காத படம். அமெரிக்காவில் 'ஆர்' வாங்கவே பல தடவை வெட்ட வேண்டியிருந்தது. பிரிட்டனில் 18 வயசு. பதிமூன்று வயசுக்காரனுக்கு அதில் வலி மட்டும்தான் தெரியும், கேலி தெரியாது. காத்திருக்கட்டும். அமெரிக்க வியாபாரிகள் காத்திருக்கவில்லை என்பது வேறு கதை. அடுத்த வருஷமே அதை வைத்துக் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் தொடர் வந்தது, பொம்மைகளும் வந்தன. படம் பார்க்கத்தான் வயசு வேண்டும், பொம்மை வாங்க வேண்டியதில்லை!

கடைசியாக, கூட உட்காருங்கள். போனைத் தூக்கித் தூர வையுங்கள். நடுவில் பாடம் எடுக்காதீர்கள், எரிச்சல் வரும். முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதுல எத்தனை பேர் செத்தாங்கடா?" அவன் யோசித்து, இவர், அவர், அந்த வாட்ச்மேன் என்று விரல்விட்டு எண்ணினால் அந்தப் படம் அவனுக்கு ஆகும், சர்டிபிகேட் எதுவாக இருந்தாலும். 'யாரு? எப்ப?' என்று முழித்தால் ஆகாது, அது 'யு'வாகவே இருந்தாலும். அப்படி முழித்தால் திட்டாமல், நீங்களும் அவனுமாக உட்கார்ந்து எண்ணுங்கள். அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். படத்தைவிட நன்றாக இருக்கும்.

சுட்டு முடித்ததும் எத்தனை உயிர் போனது என்று எண்ணிப் பார்க்க ஒரு இயந்திரத்துக்கு ஒரு பொடியன் கற்றுக்கொடுத்தான். உங்கள் வீட்டுப் பொடியனுக்கு அதைக் கற்றுக்கொடுக்க சென்சார் போர்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.